'ஃபுல் சர்வீஸ் செய்த' ஜூனோ-106: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய சிந்தசைசர்களை (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் விசைப்பலகைக் கருவிகளை) விற்கும் ஒருவர், 'ஃபுல் சர்வீஸ் செய்தது' என்று சொல்லி என் தலையில் ரோலண்ட் ஜூனோ-106 ஒன்றைக் கட்டிவிட்டார். பெயரைப் போடப் போவதில்லை. அவர் செய்த வேலையை யாரும் செய்யலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது பேடு (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி), பேஸ் (கீழ்ச்சுர ஒலி) இரண்டுக்கும் உதவும் ஒரு அனலாக் பாலிசிந்த், அதாவது ஒரே நேரத்தில் பல சுரங்களை வாசிக்கக்கூடிய சிந்தசைசர். கடைசியில் இரண்டு நின்றன: 2016-இல் வந்த கோர்க் மினிலோக், 1984-இன் ஜூனோ-106. மினிலோக்கில் நான்கு வாய்ஸ் (ஒரே நேரத்தில் நான்கு சுரம் ஒலிக்கும்), ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆசிலேட்டர் (மூல ஒலியை உண்டாக்கும் பகுதி). ஆனால் விசைகள் ஒடுக்கமானவை, அதுவும் 37தான். ஜூனோவில் ஆறு வாய்ஸ், வாய்ஸுக்கு ஒரே ஆசிலேட்டர், முழு அளவில் 61 விசைகள், அப்புறம் ஒலியை அகலமாக்கிக் காட்டும், ஊரே மெச்சும் அந்தக் கோரஸ் எஃபெக்ட்.

"ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிச்சுக் காட்டுறேன், நீங்களே முடிவு பண்ணுங்க சார்" என்றார். நியாயமான பேச்சுதானே?

ஜூனோவின் பின்பக்கம் ஒலி அளவுக்கென்று மூன்று நிலை சுவிட்ச் ஒன்று உண்டு. அது உச்சத்தில் இருந்தது. மினிலோக்கின் வால்யூம் பாதிக்கும் கீழே. ஒரே ஸ்பீக்கரில் இரண்டைக் கேட்டால் சத்தமாக இருப்பதுதான் எந்தக் காதுக்கும் 'கனமாக' இருக்கும். போதாதென்று ஜூனோவில் கோரஸ் ஓடுகிறது, மினிலோக்கில் அதன் டிலேயைக்கூட (எதிரொலி எஃபெக்ட்) அணைத்து வைத்திருக்கிறார். இதற்குப் பெயர் ஒப்பீடா? அவர் வாசித்ததும் பாலி 1, பாலி 2 பொத்தான்களைச் சேர்த்து அழுத்திய யூனிசன் நிலையில். ஆறு வாய்ஸும் ஒரே சுரத்தில் குவியும்போது அதில் ஒன்று ஊமையாக இருந்தால் யாருக்குத் தெரியும்?

வீட்டில் கோரஸை அணைத்துவிட்டு ஒவ்வொரு விசையாக வாசித்தேன். இடையிடையே ஒரு சுரம் கரகரவென்று பொரிந்தது. இன்னொன்று விசையிலிருந்து கை எடுத்த பிறகும் மெல்லிதாக முனகிக்கொண்டே இருந்தது.

இந்த மாடலில் எல்லாரும் அறிந்த வியாதி இது. வாய்ஸுக்கு ஒன்றாக 80017ஏ என்ற ஆறு சில்லுகள் உள்ளே இருக்கின்றன. ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரும் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள்தான். மேலே பூசிய எபாக்சி வயதாக வயதாகக் கெட்டு மின்கசிவு உண்டாக்குகிறது. முந்தைய ஜூனோ-60-இல் இந்தச் சில்லே கிடையாது. ஆனால் அதில் மற்ற கருவிகளோடும் கணினியோடும் இணைக்க உதவும் மிடியும் கிடையாது. "60-உம் 106-உம் உள்ளே ஒண்ணுதான்" என்று அவர் அடித்துவிட்டதும் பொய்.

புகார் சொன்னதும் முதல் பதில், "விண்டேஜ்னா அப்படித்தான் சார், அதுதான் கேரக்டர்." விடாமல் கேட்டபிறகு எடுத்துப் போய், "ஆறு சில்லும் புதுசு போட்டாச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். பொரிச்சல் அப்படியே இருந்தது. மேல்பலகையைத் திறந்து பார்த்தேன்: கறுப்புப் பூச்சோடு பழைய சில்லுகள் ஆறும் வரிசையாக, மேலே படிந்த தூசி கலையாமல். விசைகளை மட்டும் பளபளவென்று துடைத்திருந்தார்.

வாங்கப் போகிறவர்கள் கோரஸின் இரண்டு விளக்குகளும் அணைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடியே பவரைப் போடச் சொல்லுங்கள். சோதனை நிலை வரும். விசைகளை அழுத்த அழுத்த எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் எண் காட்டும். ஆறையும் தனித்தனியாகக் கேளுங்கள், விசையை விட்டபிறகும் கொஞ்சம் காது கொடுங்கள். சில்லு மாற்றியதாகச் சொன்னால் உள்ளே திறந்து எடுத்த படம் கேளுங்கள். ஜூனோ என்றில்லை, கோர்க் பாலிசிக்ஸ் வாங்கினாலும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். அதில் பேட்டரி ஒழுகி சர்க்யூட் பலகையையே அரித்துவிடும்.

வேறொரு டெக்னீஷியன் கெட்டுப்போன சில்லுகளை நிஜமாகவே மாற்றிக் கொடுத்தார். இப்போது கோரஸ் இல்லாமலும் நன்றாக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அந்தச் செலவைக் கேட்டு நான் அனுப்பிய எதற்கும் விற்றவரிடமிருந்து பதில் இல்லை. ஆனால் வேறொரு 106-க்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அதே 'ஃபுல் சர்வீஸ்' வாசகம், டெமோ வீடியோவில் கோரஸ் விளக்கு எரிகிறது.