சாமி பெயரா, ஊர்ப் பெயரா, இனிஷியலா: கடைக்குப் பெயர் வைக்கும் கணக்கு

காங்கேயம் பக்கம் ஒரு பெண் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செக்கு வந்து இறங்கிவிட்டது. மின் இணைப்பும் ஆகிவிட்டது. பெயர்தான் இழுபறி. அப்பா 'ஸ்ரீ முருகன் ஆயில்ஸ்' என்கிறார். மாமாவுக்கு ஊர்ப் பெயர் வேண்டும், 'காங்கேயம் மரச்செக்கு எண்ணெய்' என்கிறார். அண்ணன் குடும்ப இனிஷியலைச் சேர்த்து 'கே.பி.எஸ்.' என்கிறார். அந்தப் பெண்ணுக்கோ எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாத 'மின்மினி' மேல் ஆசை. நம் ஊரில் கடைப்பெயர் சண்டை பெரும்பாலும் இந்த நாலுக்குள்தான் நடக்கும். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் சாமி பெயர். அதில் இருக்கிற வசதியைக் குறைத்து மதிப்பிட முடியாது. வீட்டில் யாரும் எதிர்க்க மாட்டார்கள், கடைக்கு வருகிறவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தடவை கேட்டாலே மனதில் நிற்கும். தெருமுனைக் கடைக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. பிரச்சினை பாட்டில் வெளியூர் போகும்போதுதான் ஆரம்பிக்கும். முருகன் பெயரில் எத்தனை எண்ணெய்க் கடை இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டாம், அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே போதும். அதில் ஒருவர் மட்டமான எண்ணெய் விற்றால் கெட்ட பெயர் எல்லோருக்கும் பங்கு.

சட்டமும் கைகொடுக்காது. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-ல் வந்த 'நந்தினி' வழக்கு இன்னும் நெருக்கமானது. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் நந்தினி என்ற பெயரில் பால் விற்கிறது. பெங்களூரில் 'நந்தினி டீலக்ஸ்' ஓட்டல் 1989 முதல் நடக்கிறது. ஓட்டல்காரர் அந்தப் பெயரை வணிகக்குறியாக, அதாவது டிரேட்மார்க்காக, பதிவு செய்யக்கூடாது என்று கூட்டமைப்பு போராடியது, ஜெயிக்கவில்லை. நந்தினி என்பது புராணத்தில் வரும் பெயர், கூட்டமைப்பு உருவாக்கிய சொல் அல்ல என்பதும் அதற்கு ஒரு காரணம். கர்நாடகம் முழுக்கத் தெரிந்த பால் நிறுவனத்துக்கே இந்த நிலைமை என்றால், நேற்று பிறந்த எண்ணெய்க் கடைக்கு முருகன் பெயரில் என்ன பாத்தியதை கிடைத்துவிடும்?

ஊரும் பொருளும் சேர்ந்த பெயருக்கு முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளர் வருவார். 'காங்கேயம் மரச்செக்கு எண்ணெய்' என்றால் எங்கிருந்து வருகிறது, என்ன பொருள் என்று பலகையே சொல்லிவிடுகிறது. இணையத்தில் தேடுகிறவர் கண்ணிலும் படும். ஆனால் பக்கத்துத் தெருவில் செக்கு போடுகிறவரும் நாளைக்கே இதையே எழுதலாம், அவரைத் தடுக்க வழியில்லை. பொருளின் தன்மையையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயருக்கு, அது ஏற்கெனவே மக்களிடம் தனி அடையாளம் பெற்றிருந்தால் ஒழிய, 1999-ம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9-வது பிரிவு பதிவு தராது. நூடுல்ஸுக்கு வைத்த 'மேஜிக் மசாலா' என்ற பெயருக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லேயின் 'மேஜிக்கல் மசாலா' மேல் போட்ட வழக்கு 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. பொருளைப் புகழ்கிற சாதாரண வார்த்தையை ஒருவர் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சாரம். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஈரோடு மஞ்சள் போல புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப் பதிவு, வாங்கிய பொருளாக இருந்தால், அந்தப் பெயரை லேபிளில் போடுவதற்கே தனி விதிமுறை இருக்கிறது.

பொருளைச் சொல்லும் பெயர் பின்னாளில் காலைக் கட்டுவதும் உண்டு. சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர் உதவி மேசை என்ற ஒரே மென்பொருளுக்கு வைத்த பெயர். பொருள்கள் பெருகியதும் 2017-ல் நிறுவனத்தின் பெயரை ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று மாற்றினார்கள். அவர்களால் முடிந்தது. நம் செக்குக்காரர் நாளைக்கு நாட்டுச்சர்க்கரையும் தேனும் விற்கத் தொடங்கினால் 'மரச்செக்கு எண்ணெய்' என்ற லேபிளை தேன் பாட்டிலில் எப்படி ஒட்டுவார்?

ஊர்ப் பெயர் வைத்து ஜெயித்தவர் இல்லையா என்றால், திண்டுக்கல் தலப்பாக்கட்டியைச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கியபோது வைத்த பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர்தான் தலப்பாக்கட்டி. பலகையில் எழுதிய பெயர் தோற்றது, பட்டப்பெயர் ஜெயித்தது. பிறகு அதே மாதிரிப் பெயர்கள் கிளம்பியதும் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. அங்கே சண்டை திண்டுக்கல்லுக்காக நடக்கவில்லை, தலப்பாக்கட்டிக்காகத்தான் நடந்தது. திருநெல்வேலி இருட்டுக்கடையும் அப்படி ஜனங்கள் வாயிலிருந்து வந்த பெயர்தான். அந்த அதிர்ஷ்டத்தைத் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது.

இனிஷியல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிவிஎஸ், எம்ஆர்எஃப், ஜிஆர்டி என்று தமிழ்நாட்டில் பெரிய பெயர்கள் எல்லாம் இனிஷியல்தானே என்று அண்ணன் வாதாடலாம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கியது 1911-ல். எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி. மூன்று எழுத்துக்கு அர்த்தம் ஏற்றுவதற்கு அவர்களுக்குப் பல பத்தாண்டும் ஏராளமான விளம்பரமும் தேவைப்பட்டன. இன்று கே.பி.எஸ். என்றால் கான்ட்ராக்டரா, பஸ் கம்பெனியா, பைனான்ஸா என்றே தெரியாது. குடும்பப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கெவின்கேர் செய்ததைப் பார்க்கலாம். சின்னி கிருஷ்ணன் என்ற அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' என்று ஷாம்புக்கு வைத்தார் சி.கே. ரங்கநாதன். பின்னால் கம்பெனி பெயரில் அழகைக் குறிக்கும் 'கவின்' என்ற தமிழ்ச் சொல்லையும் வைத்து, அதற்குள் சி, கே இரண்டையும் ஒளித்துவிட்டார். மரியாதையும் போகவில்லை, வியாபாரத்துக்கும் உதவியது.

கடைசியாக மின்மினி. முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். 'மின்மினின்னா என்ன, பல்பு கடையா?' என்று கேட்பார்கள். அதனால் பெயருக்குக் கீழே 'மரச்செக்கு எண்ணெய்' என்று தெளிவாக ஒரு வரி போட்டே ஆக வேண்டும். ஆனால் எண்ணெய்க்கு யாரும் வைக்காத பெயராக இருந்தால் பதிவு கிடைக்க வாய்ப்பு அதிகம், காப்பியடிப்பவரைத் தடுக்கவும் முடியும், தேனுக்கும் ஒட்டலாம். அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் ஆட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கப்போகிறார் என்றால் அப்பா சொல்கிற முருகனே போதும். பாட்டிலில் அடைத்து சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பப்போகிறார் என்றால் என் ஓட்டு மின்மினிக்கு.

எந்தப் பெயரானாலும் சில சோதனைகள் இருக்கின்றன. சந்தை இரைச்சலில் போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எதிர்முனை 'என்னது?' என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 'ழ' வருகிற பெயர் வடநாட்டு கூரியர்காரர் வாயில் 'ஸ' ஆகிவிடும். எண்கணிதம் பார்க்கிறவர்கள் இங்கே ஒரு எழுத்து, அங்கே இரண்டு எழுத்து என்று கூட்டச் சொல்வார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம், ஆனால் கேட்டதைக் கேட்டபடி தேடுகிற வாடிக்கையாளர் அந்த உபரி எழுத்தைத் தட்ட மாட்டார், வேறு கடைப் பக்கத்தில் போய் நிற்பார். தமிழிலும் எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. 'நேச்சுரல் ஹெல்த்தி லிவிங் ஃபுட்ஸ்' என்று நீட்டி எழுதினால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து யார் படிப்பார்கள்?

அப்புறம் பதிவு. ஜிஎஸ்டி சான்றிதழில் பெயர் வந்துவிட்டால் பெயர் நமக்கு ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வரிக் கணக்கு, பெயருக்குப் பட்டா அல்ல. கம்பெனியாகப் பதிவு செய்தாலும் அப்படித்தான். வணிகக்குறி அலுவலகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் பதிவு செய்கிறார்கள், சமையல் எண்ணெய்க்கு 29-வது வகுப்பு. எழுத்து ஒத்துப்போவதை மட்டும் பார்த்தால் போதாது, ஓசை ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தேன் 30-வது வகுப்பு, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். விண்ணப்பம் வணிகக்குறி அலுவலகத்தின் இதழில் வெளியானதும் 4 மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். நமக்கு முன்பிருந்தே வேறொருவர் அந்தப் பெயரில் வியாபாரம் செய்து வந்திருந்தால், பதிவைக் காட்டி அவரைத் துரத்த முடியாது. அதனால் பதிவேட்டில் தேடியதோடு நிறுத்தாமல் சந்தையிலும் விசாரிப்பது நல்லது.

இந்தத் தேடல் முடியும் வரை லேபிள் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். பெயரை மாற்ற நேர்ந்தால் பலகை, பில் புத்தகம், உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் மறுபடி அலைய வேண்டும். விண்ணப்பம் போட்டதும் பெயர் ஓரத்தில் 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு கைக்கு வந்த பிறகுதான், அதற்கு முன்னால் போட்டால் குற்றம்.