கும்பகோணத்து ஸ்பானிய வகுப்பு: 'செய்யலாம் என்றிருக்கிறேன்' படும் பாடு

கும்பகோணத்தில் மாலை நேரத்தில் நடக்கும் ஸ்பானிய வகுப்பொன்றில் முதல் நிலையை முடித்திருக்கிறேன். உச்சரிப்பையும் வினைத்திரிபையும் பொறுமையாகக் கற்றுத் தருகிறார்கள். கட்டணத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் அவர்கள் தரும் அச்சிட்ட பயிற்சித்தாளில்தான் இருக்கிறது.

செய்யலாம் என்றிருப்பதைச் சொல்லும் ஆங்கிலத்தின் 'இன்டென்ட் டு' என்பதற்கு நேராக அதில் 'இன்டென்டார்' என்று போட்டிருக்கிறார்கள். ஒலி ஒத்திருந்தாலும் அந்த ஸ்பானியச் சொல்லுக்கு 'முயல்வது' என்றே பொருள். நிலத்தை விற்கலாமா என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பவர் அந்தத் தாளை நம்பிக் கடிதம் எழுதினால், அவர் ஏற்கெனவே ஆள் பார்த்து விலை பேசிக்கொண்டிருப்பதாகப் படிப்பவர் புரிந்துகொள்வார்.

ஆசிரியர் இதைத் தமிழ் வழியாகச் சரிசெய்த விதம்தான் இவ்வகுப்பின் சிறப்பு. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை விதைக்கலாம் என்றிருக்கிறேன் என்று நம் ஊரில் சொல்வது 'பியென்சோ செம்ப்ரார்'. விதைக்கப் போகிறேன் என்று உறுதியாகச் சொல்வது 'வோய் அ செம்ப்ரார்'. இரண்டாவதில் நம்மைப் போலவே அவர்களும் 'போ' என்னும் வினையைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். மழைக்கு எண்ணம் கிடையாது என்பதால் 'மழை பெய்யப் போகிறது' என்பதற்குப் 'போ' மட்டுமே பொருந்தும், 'பியென்சோ' என்பதன் மூலவினையான 'பென்சார்' (நினைப்பது) பொருந்தாது. அந்தப் 'பென்சார்' என்பதற்குப் பின் 'என்' என்ற இடைச்சொல் நுழைந்துவிட்டால், திட்டம் போய், விதைப்பதைப் பற்றிய வெறும் நினைப்பே மிஞ்சுகிறது.

ஆனால் இறந்தகாலத்தில் தமிழும் நமக்கு உதவாது. அங்கேதான் கூடுதல் நேரம் தந்திருக்க வேண்டும். 'உரம் வாங்கப் போனேன்' என்றால் கடைக்குச் சென்றதைச் சொல்கிறோம், 'வழுக்கி விழப் போனேன்' என்றால் விழாமல் தப்பியதைச் சொல்கிறோம்; இரண்டுக்கும் 'போனேன்' ஒன்றே. ஸ்பானியத்தில் சென்று வந்ததற்கு 'ஃபுயி அ', செய்ய இருந்ததற்கு 'இபா அ' என்று வினைவடிவமே மாறுகிறது. வகுப்பில் பாதிப் பேர் இதில் தடுமாறியபோதும், ஒரே மாலையில் இதை முடித்துவிட்டார்கள்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்பதற்குச் 'சின் கெரேர்' என்று சொல்லித் தந்ததும் நன்று. 'விரும்பாமல்' என்பதே அதன் நேர்ப்பொருள்.

இரண்டாம் நிலையிலும் சேரப் போகிறேன். பயிற்சித்தாளின் அந்த ஒரு வரியைத் திருத்தி அச்சிடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேருவோர் தாளில் அந்த வரியை இப்போதே அடித்துவிட்டுப் 'பென்சார்' என்று எழுதிக்கொள்ளவும்.