தென்காசியில் மூன்று வாரம், கையில் ஒரு பட்டியல்

பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பும்போதே பட்டியல் போட்டுவிட்டேன். உயிரோடு இருப்பதை வருடாவருடம் காட்டும் அப்பாவின் ஓய்வூதிய நேர்காணல், அம்மாவின் பல், எனக்கு ஒரு கண்ணாடி, ஓடாத வீட்டு மோட்டார், என் பழைய வங்கிக் கணக்கு. மூன்று வார லீவில் இதில் பாதி முடிந்தாலே பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். வங்கியைத் தவிர எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது, மிச்ச நாளெல்லாம் சாரலில் நனைந்துகொண்டு குற்றாலத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

அப்பா ஓய்வு பெற்றது ஒரு ஜூலையில், அதனால் நேர்காணலும் ஜூலையில்தான். தபால்காரரிடம் சொன்னோம். மறுநாள் காலையில் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவின் கட்டைவிரல் தேய்ந்துபோய் ரேகையே விழவில்லை, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து, விரலை மாற்றி மாற்றி வைத்து, நாலாவது தடவையில் பிடித்தது. கட்டணம் 70 ரூபாய், அம்மா கொடுத்த காபி தனி. ஒரு காலத்தில் எந்தக் காகிதத்துக்கும் அப்பா பஸ் பிடித்துத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருவார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபிறகு அந்த அலைச்சலும் இல்லை.

மோட்டாருக்கு வந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "காயில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கண்டன்சர்தான் போயிருக்கு" என்றார். மாற்றிவிட்டு, சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். காயில் எரிந்துபோச்சு என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன தெரியும்? மூவாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் அடுத்த மாதமும் அவர் இதே தெருவில்தான் நடந்தாக வேண்டும்.

எனக்குக் காய்ச்சல் வந்தது பட்டியலில் இல்லாத விஷயம். பர்மிங்ஹாமில் என்றால் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் கிடக்க வேண்டும், அதிர்ஷ்டம் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன், ஏழரைக்கு மருந்துக்கடை. கடை அண்ணாச்சி சீட்டை வாங்குவதற்கு முன்னாலேயே, "இன்ஸ்பெக்டர் சார் மவன்தானே, எப்ப வந்தீய?" என்றார். அப்பா சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவருடைய சர்க்கரை மாத்திரை எப்போது தீரும் என்பது என்னைவிட அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரிகிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு, சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்கடையில் பவர் பார்க்கிற இடைவெளியில் "ஒரு பிள்ளையோட நிறுத்திட்டீயளா?" என்று கேட்டார்கள். காய்ச்சல் என்று டாக்டரிடம் போன விஷயம் நான் வீடு திரும்புவதற்குள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. பெரிய வைத்தியம் என்றால் ஊரும் கைவிட்டுவிடும், அப்பாவின் இதயப் பரிசோதனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் பாளையங்கோட்டைக்குத்தான் போனோம். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வார்கள் என்ற பயம் எனக்கு பர்மிங்ஹாம் திரும்பிப் போனாலும் போகாது.

சரி, வங்கி. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்கிற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும், நான் பல வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன், அது என் தப்பு. முதல் தடவை போனபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றார்கள். காலேஜில் சேர்ந்தபோது போட்ட கையெழுத்து, பெயர் முழுசாக, கீழே இரண்டு கோடு, புள்ளி வேறு. வீட்டில் நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டு இரண்டாவது தடவை போனேன், பார்க்க வேண்டியவர் லீவு. மூன்றாவது தடவை சர்வர் இல்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்ததோடு சரி.

அந்தக் கணக்கு மாறினால்தான் என் இங்கிலாந்து நம்பரில் யுபிஐ போட முடியும். பூக்காரம்மா முதல் ஆட்டோ வரை எல்லாரும் ஸ்கேன் அட்டையைக் காட்ட, நான் மட்டும் ஐந்நூறு ரூபாய்த் தாளோடு சில்லறைக்கு முழித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியும் "சில்லறை இல்ல, பெறவு தாங்க" என்றுதான் மருந்தைக் கொடுத்தனுப்பினார்.

அந்த 140 ரூபாய் ஞாபகம் வந்தது பொதிகை எக்ஸ்பிரஸ் கடையநல்லூர் தாண்டியபிறகு. பதறிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அதை அன்னைக்கே அப்பா கணக்குல எழுதியாச்சாம், நீ புளியோதரையைச் சாப்பிடு" என்றாள்.