வளைகுடாவில் வேலை செய்பவர்களே, பண்ணை நிலத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

4,50,000 ரூபாய். குவைத்தில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அதை வாங்கிக்கொண்ட பண்ணை நில நிறுவனம் இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. வழக்கறிஞர் தடுத்ததால் பெயரைப் போடவில்லை. மாந்தோப்பை மனைகளாகப் பிரித்து, வெளிநாட்டில் இருப்பவர்களைத் தேடிப்பிடித்து விற்பவர்கள்.

முதல் பேச்சிலேயே கேட்டேன்: "நான் என்ஆர்ஐ. விவசாய நிலம் வாங்கலாமா?" மேலாளர் தயங்கவே இல்லை. "அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும் அண்ணா. எங்கள் ஆடிட்டரே வாங்கித் தருவார், எத்தனையோ பேருக்கு வாங்கியிருக்கிறோம்" என்று சொல்லி, சிங்க முத்திரை போட்ட ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். சட்டச் சிக்கலை அவரே வாய்விட்டுச் சொன்னதால்தான் நம்பினேன். ஏமாற்ற நினைப்பவன் அதை மறைக்கத்தானே பார்ப்பான்? உடன் வந்திருந்த அம்மாவுக்குக் காபி வரவழைத்து, "இனி மகன் ஊரோடு வந்துவிடுவார் பாருங்கள் அம்மா" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. முன்பணம் 4,00,000, 'அனுமதிக் கட்டணம்' 50,000. அன்றே கட்டினேன்.

அதன்பிறகு கோப்பு மும்பையில் இருக்கிறது, டெல்லிக்குப் போயிருக்கிறது, ஆடிட்டர் மலைக்கு மாலை போட்டிருக்கிறார். விண்ணப்ப நகலையாவது காட்டுங்கள் என்றால், "அதெல்லாம் வெளியே தர முடியாது சார்." பணத்தைத் திருப்பிக் கேட்டால், முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அனுமதியே வாங்காதவர்களுக்கு 4,50,000 எதற்கு?

வங்கியில் விசாரித்தபோதுதான் முழு விவரம் தெரிந்தது. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2019-இல் வந்த விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடோ கடையோ வாங்கத் தனி அனுமதி தேவையில்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு கேட்டால் ரிசர்வ் வங்கி மத்திய அரசைக் கலந்துதான் முடிவு செய்யும். அதை ஓர் ஆடிட்டர் எப்படி உறுதி கொடுக்க முடியும்? மீறி வாங்கினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். அதுவும் வாங்கிய என் தலையில்தான் விழுந்திருக்கும்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நண்பர் பெயரில் பதியலாம் என்றாலும் மறுத்துவிடுங்கள், பினாமிச் சட்டம் இருக்கிறது. முன்பணம் கட்டும் முன் உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள்.

காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்படி மாந்தோப்பு மனைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.