ஒரே சின்னம் என்பதற்காக ஆடலாமா? ராஜா-2வும் 7-6உம்

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ராஜா-2 ஒரே சின்னத்தில் வருகிறது. இன்னொரு முறை 7-6 அதேபோல வருகிறது. எதை ஆடலாம்? எதிராளியின் கை எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்து, ஐந்து பொதுச்சீட்டையும் திறந்து பார்த்தால் ராஜா-2 சுமார் 53 சதவீதம் ஜெயிக்கும், 7-6க்கு 45தான். ஆனாலும் ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) அளவு சில்லு இருக்கும் மேசையில் நான் வைத்துக்கொள்வது 7-6ஐத்தான்.

அந்த 53இல் சின்னத்தின் பங்கு ரொம்பக் குறைவு. வெவ்வேறு சின்னத்தில் வந்த ராஜா-2க்கே 50க்குச் சற்று மேலே கிடைத்துவிடுகிறது. சூட்டட் (ஒரே சின்னம்) என்பதால் கூடுவது 3 புள்ளிகூட இல்லை. ஃப்ளாப்பிலேயே (முதலில் திறக்கும் மூன்று பொதுச்சீட்டு) ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து) விழுவது ஏறக்குறைய 118 தடவைக்கு ஒரு தடவை. நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் நிலை ஒன்பதுக்கு ஒரு தடவை வரும். அதிலும் ரிவர் (ஐந்தாவது பொதுச்சீட்டு) வரை போனால் 35 சதவீதமே கைகூடும்.

மீதி நேரமெல்லாம் ராஜா-2 என்ன செய்கிறது? முன்வரிசையில் (முதலில் முடிவெடுக்கும் இருக்கைகள்) இருந்து ஒருவர் ரெய்ஸ் செய்கிறார் (தொகையை உயர்த்துகிறார்), நீங்கள் ஆட்டின் ராஜா-2உடன் கால் செய்கிறீர்கள் (அதே தொகையைப் போடுகிறீர்கள்). ஃப்ளாப் ராஜா-9-4. டாப் பேர் (திறந்ததில் பெரிய சீட்டோடு ஜோடி)! ஃபோல்ட் செய்ய (கையை விட்டுவிட) மனசு வராது. அவர் கட்ட, நீங்கள் கால். டர்னில் (நான்காவது பொதுச்சீட்டு) இன்னொரு கால். ரிவரில் பெரிதாக ஒன்று. திறந்தால் அவரிடம் ராஜா-ஜாக்கி. இருவருக்கும் ராஜா ஜோடி, ஆனால் அவருடைய துணைச்சீட்டு பெரிது. இந்தக் கையில் என்னைப் பயமுறுத்துவது இதுதான்: எதுவும் விழாதபோது அல்ல, பாதி விழும்போதுதான் சில்லு கரைகிறது. ஃப்ளஷ் விழுந்தால் அது நல்ல ஃப்ளஷ்தான், ஏஸ் வைத்திருப்பவரிடம் மட்டும் தோற்கும். ஆனால் அது விழவேண்டுமே.

7-6 நேர்மாறு. அதன் ஃப்ளஷ் சின்னது, பெரிய பானையில் (நடுவில் குவியும் பந்தயத் தொகை) அதை நம்ப முடியாது. பலம் வேறிடத்தில். இரண்டு சீட்டையும் சேர்த்து நான்கு விதமான ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமையும். ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெயிட் விழும் வாய்ப்பு 1.3 சதவீதம், ஃப்ளஷைவிட அதிகம். ராஜா-8-5 விழுந்து அதில் இரண்டு நம் சின்னம் என்றால் உதவும் சீட்டு 15. பாதிக்கு மேல் ஏதோ ஒன்று கைகூடும். ஒன்றும் விழாவிட்டால் வருத்தமில்லாமல் தூக்கிப் போடலாம்.

"10-2இலேயே உலகப் பட்டம் ஜெயித்தார்களே" என்பார்கள். உண்மைதான், அமெரிக்க போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் 1976இலும் 1977இலும் கடைசிக் கையில் வைத்திருந்தது 10-2. முதல் வருடம் இரண்டும் இஸ்பேட், அடுத்த வருடம் வெவ்வேறு சின்னம். இரண்டு தடவையும் அமைந்தது ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு). சின்னத்துக்கு அதில் வேலையே இல்லை.

ஒரே சின்னத்தில் ஏஸ்-5 தனி ரகம். ஃப்ளஷ் விழுந்தால் பெரும்பாலும் அதுதான் உச்சம், சின்ன ஸ்ட்ரெயிட்டும் உண்டு. பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இருக்கை) யோசிக்காமல் ஆடுவேன்.

சரி, ராஜா-2ஐ எப்போதுதான் ஆடுவது? நீங்கள் பிக் பிளைண்டில் இருக்கும்போது. பட்டன்காரர் 2.5 பிளைண்டுக்கு உயர்த்தி, ஸ்மால் பிளைண்ட் (அரை பிளைண்ட் கட்டியவர்) விலகினால் பானையில் 4 இருக்கும். நீங்கள் போடவேண்டியது 1.5. 27 சதவீதம் கிடைத்தாலே கணக்கு சரியாகிவிடும், அங்கே கால் செய்யலாம். சில்லு பத்துப் பதினைந்து பிளைண்டாகக் குறைந்து, எந்தக் கையோடும் ஆல்-இன் (எல்லாச் சில்லையும் வைப்பது) போகும் எதிராளிக்குக் கால் செய்வதா என்ற நிலையிலும் 7-6ஐவிட ராஜா-2தான் மேல். ரிவர் வரை ஐந்து சீட்டையும் பார்த்துவிடுவோம் அல்லவா. ஜாக்கி-3, 9-2 வகையறாவை மட்டும், இரண்டும் ஒரே சின்னமாக எவ்வளவு அழகாக வந்தாலும், நடு இருக்கையில் ஃபோல்ட் செய்துவிடுங்கள்.