ஜகாத்தும் ஸதகாவும்

இரண்டும் கொடுப்பதுதான். ஆனால் ஜகாத் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று. ஸதகா மனமுவந்து தருவது. ஜகாத்துக்குக் கறாரான கணக்கு உண்டு: சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்குக் குறையாத செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் 2.5 சதவீதம். விளைச்சலுக்குக் கணக்கே வேறு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர் இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. உழைப்பை மதிக்கும் இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெறுவோரையும் குர்ஆன் (9:60) எட்டு வகையாக வரையறுக்கிறது.

ஸதகாவுக்கு இப்படி வரம்பு கிடையாது. வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஸதகா என்கிறது நபிமொழி.

சரி, எதை முதலில் கொடுப்பது? ஜகாத்தைத்தான். அது ஏழைக்குச் சேர வேண்டிய பங்கு. அதை நிறுத்தி வைத்துவிட்டு ஸதகாவை அள்ளித் தருவது முறையாகாது.