நன்னடத்தை அலுவலர் சேவை: சிறைக்கு மாற்றாக எந்த அளவுக்கு உதவும்?

1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் தரும் இந்தச் சேவை, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் வெளியே விட்டு, தேவைப்பட்டால் நன்னடத்தை அலுவலர் கண்காணிக்கும் ஏற்பாடு. முதன்முறை தவறியவர்களுக்குப் பெரிய வரம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் கிடைக்காது. 21 வயது நிரம்பாதவர் என்றால், அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டே ஆகவேண்டும். ஒழுங்காக நடப்பேன் என்று எழுதித் தரும் பிணைப்பத்திரம் அதிகபட்சம் 3 ஆண்டு. மேற்பார்வை உத்தரவு போட்டால் குறைந்தது 1 ஆண்டு.

பலருக்கு இந்த வாய்ப்பு கைநழுவுவது, தண்டனை பற்றி நீதிமன்றம் கேட்கும் அன்றுதான். நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் 4-ஆம் பிரிவை வழக்கறிஞர் எழுப்பாமலே விடுகிறார். வசிப்பிடச் சான்றும் வேலைச் சான்றும் கையில் இருக்கட்டும். நிலையான முகவரியோ தொழிலோ இல்லாவிட்டால், ஜாமீன்தாரருக்காவது அது இருக்க வேண்டும். 5-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடும் வழக்குச் செலவும் விதிக்கப்படலாம், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். 12-ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பைத்தான் நீக்கும். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும்.